பள்ளிக்கூடத்துக் கோபம், துறைமுகத்துக் கோபம்

தி லிவிங் எண்ட் என்ற ஆஸ்திரேலிய இசைக்குழுவை நான் முதலில் கேட்டது ஒரு வீடியோ கேமில். 2008இல் வந்த ‘கிட்டார் ஹீரோ வேர்ல்ட் டூர்’ விளையாட்டில் ‘பிரிசனர் ஆஃப் சொசைட்டி’ என்ற அவர்களுடைய பாட்டு உண்டு. பிளாஸ்டிக் கிட்டாரின் வண்ணப் பொத்தான்களை அந்த வேகத்துக்கு அழுத்திக்கொண்டே போனால் பாட்டு முடிவதற்குள் விரல் மரத்துவிடும். ‘எங்களுக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம்’ என்கிற ரகம். சரி, இன்னொரு கோபக்காரப் பையன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

அவர்களை அப்படி எடைபோட்டவன் நான் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால், தெரிந்தவர்கள் அந்த ஒரு பாட்டைத்தான் சொல்வார்கள். உள்நாட்டில் அவர்கள் பெரிய பெயர். ஆனால் அங்கேயும் ‘டபுள் பேஸ் மேலே ஏறி நின்று வாசிப்பார்களே, அவர்கள்தானே’ என்று மேடை வித்தையை வைத்து அடையாளம் சொல்வது வழக்கம். துள்ளலான குழு, நல்ல கச்சேரி, கூட்டத்தோடு சேர்ந்து கத்தலாம். இந்த மூன்றும் உண்மை. இதற்குள் ஓர் அரசியல் இருக்கிறது என்பதும், அது அந்தப் புகழ்பெற்ற பாட்டில் இருப்பதைவிட வேறு இரண்டு பாட்டுகளில் ஆழமாக இருக்கிறது என்பதும் அதிகம் பேசப்படாத விஷயம்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த டபுள் பேஸைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆள் உயரத்துக்கு நிற்கும் வாத்தியம் அது. சிம்பொனியில் வில்லால் இழுப்பார்கள், ஜாஸில் விரலால் மீட்டுவார்கள். ராக்கபில்லி என்ற ஐம்பதுகளின் அமெரிக்க ராக் இசையை வாசிப்பவர்கள் அதை அறைவார்கள். கம்பியைக் கொக்கி போட்ட விரலால் வெளிப்பக்கமாக இழுத்து விட்டுவிட்டால், அது திரும்பிப் போய் விரற்பலகையில் ‘டக்’ என்று மோதும். சுரமும் வரும், அடியும் வரும். அந்த அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் உள்ளங்கையால் பலகையில் ஒரு தட்டு. ஒரே ஆள், ஒரே கையால், பேஸும் வாசிக்கிறார், தாளமும் போடுகிறார். இதற்கு ஸ்லாப் என்று பெயர். மின்சாரக் கிட்டாரும் டிரம்ஸும் முழு சத்தத்தில் இருக்கும்போது இந்த ‘டக்’ காதில் விழாது என்பதால், ஒலியை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பைக் கம்பியின் சுரத்துக்கு ஒன்று, பலகையின் அடிக்கு இன்னொன்று என்று இரண்டு பொருத்துவதும் உண்டு.

லிவிங் எண்டில் இதை வாசிப்பவர் ஸ்காட் ஓவன். கிட்டாரும் பாட்டும் கிறிஸ் செனி. இருவரும் மெல்பர்னில் பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள். வீலர்ஸ் ஹில் என்ற புறநகரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உடன் படித்தவர்கள் எல்லாம் நிர்வாணா கேட்டுக்கொண்டிருந்தபோது, இவர்கள் ‘தி ரன்அவே பாய்ஸ்’ என்ற பெயரில் ஸ்ட்ரே கேட்ஸ் என்ற அமெரிக்க ராக்கபில்லிக் குழுவின் பாட்டுகளை அச்சு அசலாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். குழுவுக்கு வைத்துக்கொண்ட பெயரே ஸ்ட்ரே கேட்ஸின் ஒரு பாட்டுத் தலைப்புதான். 1994இல் சொந்தப் பாட்டுகள் எழுதத் தொடங்கியபோது தி லிவிங் எண்ட் ஆனார்கள். ஐம்பதுகளின் அமெரிக்க இளைஞர் பேச்சில் ‘இதுக்கு மேல ஒண்ணும் இல்ல’ என்று ஒன்றைப் புகழச் சொல்லும் தொடர் அது. புதுப்பெயரிலும் பழைய காலத்தை விடவில்லை.

அந்தப் பழைய காலத்தில் என்ன இருந்தது? 1954 ஜூலையில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் நடத்திய சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் பிரெஸ்லி, ஸ்காட்டி மூர், பில் பிளாக் என்ற மூவர் ‘தட்ஸ் ஆல் ரைட்’ பாட்டைப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் இல்லை, பில் பிளாக்கின் டபுள் பேஸ் ஸ்லாப்தான் தாளம். அது ஆர்தர் குரூடப் என்ற கறுப்பினப் புளூஸ் கலைஞரின் பாட்டு. இசைத்தட்டின் மறுபக்கத்துக்காக எடுத்துக்கொண்டது பில் மன்ரோ என்ற வெள்ளைக்காரரின் மலைநாட்டுப் பாட்டு. ஒரு தட்டின் இரு பக்கங்களில், அமெரிக்கா தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்த இரண்டு இசைகளும் ஒட்டிக்கொண்டன. ராக் என்பதோடு, மலைநாட்டு ஏழை வெள்ளையரை மட்டம் தட்டிச் சொல்லும் ஹில்பில்லி என்ற வசைச்சொல்லைச் சேர்த்ததும் ராக்கபில்லி என்ற பெயர் கிடைத்தது. இதைச் சமத்துவத்தின் கதை என்று யாராவது சொன்னால் ஒரு விஷயத்தையும் கூடவே சொல்ல வேண்டும்: குரூடப்புக்குச் சேர வேண்டிய ராயல்டி அவர் சாகும்வரை ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

பிறப்பிலேயே இவ்வளவு சிக்கல் கொண்ட இசை, மறுபிறவி எடுத்தபோது வெறும் அலங்காரமாகிப் போனது. எண்ணெய் தடவி வாரிய தலை, பழைய கார், புள்ளி போட்ட பாவாடை. பிரிட்டனில் ராக் அண்ட் ரோலோடு ஒட்டிக்கொண்ட டெடி பாய்ஸ் என்ற இளைஞர் கூட்டத்தில் சிலர் 1958இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் கரீபியக் குடியேறிகள் மீதான தாக்குதல்களில் இறங்கியவர்கள். எழுபதுகளில் ராக்கபில்லி ரசிகர்களின் சட்டை முதுகில், அடிமை முறைக்காகப் போரிட்ட அமெரிக்கத் தென் மாநிலங்களின் கொடியைப் பார்ப்பது சாதாரணம். அதன் பொருள் தெரியாமல் போட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கொடி ஒரு கடந்தகாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடியது. 1977 கோடையில் லண்டன் கிங்ஸ் ரோட்டில் கரடுமுரடான வேக ராக்கான பங்க் இசையின் இளைஞர்களுக்கும் டெடி பாய்ஸுக்கும் அடிதடி நடந்ததற்கு இதுவும் ஒரு பின்னணி. இன்று கேட்கும்போது பங்கும் ராக்கபில்லியும் அண்ணன் தம்பி போல இருக்கும். அன்று எதிரெதிர் முகாம்கள்.

இரண்டையும் கைகுலுக்க வைத்ததில் லண்டன் பங்க் குழுவான தி கிளாஷுக்குப் பெரிய பங்கு. 1979 டிசம்பரில் வந்த ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். மேடையில் குழுவின் பால் சிமனன் பேஸ் கிட்டாரை ஓங்கி அடித்து உடைக்கிறார். பக்கத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமாக இருக்கும் எழுத்துகள், எல்விஸின் 1956 முதல் ஆல்பத்து எழுத்துகளின் நேரடி நகல். உள்ளே இரண்டாவது பாட்டே ஒரு பழைய ராக்கபில்லி. வின்ஸ் டெய்லர் 1959இல் பாடியது. பழைய இசையை எதிரிகளிடம் விட்டுவைக்க வேண்டாம், நாமே எடுத்துக்கொள்வோம் என்ற தீர்மானம் அது. அடுத்த ஆண்டே நியூயார்க் பக்கத்திலிருந்து ஸ்ட்ரே கேட்ஸ் லண்டனுக்கு வந்து இறங்கினார்கள். எல்லோரும் நினைப்பதுபோல அவர்களுக்கும் தலைமுடி மட்டுமே கவலை இல்லை. முதல் ஆல்பத்தில் ஈரான் தூதரகப் பணயக்கைதிகள் விவகாரத்தை வைத்து ஒரு பாட்டு இருக்கிறது. அதன் அரசியல் கொஞ்சம் தடாலடிதான். ஆனாலும் ராக்கபில்லியில் அன்றைய செய்தித்தாளைப் பாடலாம் என்பது மெல்பர்ன் புறநகரில் இருந்த இரண்டு பையன்களின் காதுக்கு அந்த வழியில்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் கதை கொஞ்சம் வேகம் பிடிக்கிறது. அமெரிக்க பங்க் குழுவான கிரீன் டேயின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்குக்குத் தங்கள் டெமோ கேசட்டையும் ஒரு டி-ஷர்ட்டையும் அனுப்பிவைத்தார்கள். 1996இல் கிரீன் டே ஆஸ்திரேலியா வந்தபோது முன்னால் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அரசு ஒலிபரப்பின் இளைஞர் வானொலியான டிரிபிள் ஜே அவர்களை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1997இல் ‘செகண்ட் சொல்யூஷன்’, ‘பிரிசனர் ஆஃப் சொசைட்டி’ இரண்டும் ஒரே சிங்கிளாக வந்து, மாதக்கணக்கில் விற்பனைப் பட்டியலில் உட்கார்ந்துகொண்டது. 1998 அக்டோபரில் வந்த முதல் ஆல்பம் நேராக முதலிடம்.

அந்தப் பாட்டுக்கு நான் செய்த அநியாயத்தை இங்கே சரிசெய்துவிடுகிறேன். வரிகளைக் கவனித்துக் கேட்டால், பாடுபவன் தன்னைப் புரட்சிக்காரன் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. தான் ஓர் அடங்காப்பிடாரி, எல்லாம் தெரிந்தவன், எதிர்த்துப் பேசுகிறவன், யார் சொல்வதும் காதில் ஏறாதவன் என்று தானே ஒப்புக்கொள்கிறான். பெரியவர்கள் அவனைப் பற்றிச் சொல்லும் வசவை அவனே எடுத்துத் தலையில் சூடிக்கொள்கிறான். இந்தக் கேலியைக் கவனிக்காமல் ஆயிரக்கணக்கானோர் அதைப் போர்ப்பாட்டாகக் கத்தினார்கள். தவறில்லை, கத்துவதற்குத் தோதான பாட்டு. ஆனால் அதன் எதிரி யார்? சமூகம். எந்தச் சமூகம், எந்த ஊர், எந்த முடிவை எடுத்தது யார் என்பதெல்லாம் கிடையாது. பதினாறு வயதில் எல்லோருக்கும் பொருந்தும் சட்டை அது. இருபத்திரண்டு வயதில் பத்தாது.

அதே ஆல்பத்தில் இருக்கும் ‘ஆல் டோர்ன் டவுன்’ வேறு மாதிரி. கிட்டார் ஜமைக்காவின் ரெக்கே இசைப் பாணியில் எதிர்த்தாளத்தில் வெட்டிக்கொண்டு போகும், பிறகு பாய்ச்சல் எடுக்கும். சொல்வது எளிய விஷயம்: இந்த நகரம் முன்பு இப்படி இருக்கவில்லை, நன்றாக ஆக்குகிறேன் என்று சொல்லி இடித்துக்கொண்டே போகிறார்கள். இதைச் சும்மா ஏக்கப் பாட்டு என்று ஒதுக்கிவிடலாம், மெல்பர்னைத் தெரியாதவரை.

இடிப்பதில் அந்த ஊருக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தங்க வேட்டையில் கொழித்து, கோபுரமும் குவிமாடமுமாகக் கட்டித் தள்ளிய நகரம் அது. காலின்ஸ் வீதியில் 1888இல் எழுந்த ஃபெடரல் காஃபி பேலஸ் என்ற பிரம்மாண்ட ஓட்டல், மது விற்காத ஓட்டல் என்பது கூடுதல் செய்தி, 1973இல் தரைமட்டமானது. இடிப்பு வேலைக்கென்றே வீலன் என்ற குடும்ப நிறுவனம் ஒரு நூற்றாண்டுக் காலம் தொழில் நடத்தியது. இடிக்கப்படும் கட்டடத்தின் முகப்பில் ‘வீலன் இங்கே இருக்கிறார்’ என்று பலகை மாட்டுவார்கள். ஊர் முழுக்க அந்தப் பலகை பிரசித்தம். இந்த இளைஞர்கள் வளர்ந்து ஆளான தொண்ணூறுகளில் விக்டோரியா மாநிலத்தை ஆண்டவர் ஜெஃப் கென்னட். 1992 முதல் 1999 வரையிலான அவருடைய ஆட்சியில் 300க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன, மின்சாரமும் எரிவாயுவும் தனியாருக்குப் போயின, ஆற்றங்கரையில் 1997இல் மாபெரும் சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தை மூடிய அதே காலத்தில் சூதாட்டக்கூடம் என்பதை மெல்பர்ன்வாசிகள் இன்னும் சொல்லிக்காட்டுவார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இடிப்பதெல்லாம் பாவமில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று ஆற்றை மறைத்துக்கொண்டிருந்த எரிவாயு நிறுவனத்தின் இரட்டைக் கட்டடத்தை 1997இல் இடித்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. பாட்டு இந்த வேறுபாட்டுக்குள் போவதில்லை. ஆனால் அது ‘சமூகம்’ என்ற ஆகாயத்திலிருந்து இறங்கி ஒரு தெருவில் கால் வைத்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு முந்தைய வாத்தியத்தை, அதன் பழைய அடியோடு, வாசிக்கிறவர்கள் பழைய கட்டடத்துக்காகப் பாடுவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. வேறு ஒரு பங்க் குழு இதே வரிகளைப் பாடியிருந்தால் இந்த ருசி வந்திருக்காது. இங்கே ராக்கபில்லி வெறும் உடையலங்காரமாக நின்றுவிடவில்லை. எது போனது என்பதற்கு வாத்தியமே சாட்சி.

இப்போது துறைமுகம்.

1996இல் ஜான் ஹோவர்ட் பிரதமரானார். துறைமுகங்களில் தொழிற்சங்கத்தின் பிடியை உடைப்பது அவருடைய அரசு எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று. ஆஸ்திரேலியக் கப்பல் சரக்குக் கையாளுதல் அப்போது இரண்டு பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது, ஒன்று பேட்ரிக். தொழிலாளர் பக்கம் ஆஸ்திரேலியக் கடல்சார் தொழிற்சங்கம். கிரேன் ஒரு மணி நேரத்துக்கு 25 கன்டெய்னர் தூக்க வேண்டும், இவர்கள் தூக்குவதில்லை, சோம்பேறிகள், சங்கத்தின் ஏகபோகம் என்பது அரசின் வாதம். கிரேன் ஓட்டிப் பார்த்தவர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள். பழைய எந்திரம், சின்னச் சின்னக் கப்பல், குறைந்த சரக்கு.

1997 செப்டம்பரில் பேட்ரிக் நிறுவனம் தன்னைச் சத்தமில்லாமல் இரண்டாக மடித்தது. சொத்தெல்லாம் ஒரு பக்கம். தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் இன்னொரு பக்கம், கிட்டத்தட்ட வெறுங்கையாக. தொழிலாளிக்கு ஒன்றும் தெரியாது. அதே கேட், அதே ஷிப்ட். அந்த டிசம்பரில், ராணுவத்தில் இருந்தவர்களைத் துபாய்க்குக் கூட்டிப்போய்த் துறைமுக வேலை பழக்கும் திட்டம் அம்பலமாகி, சர்வதேசத் தொழிற்சங்கங்களின் நெருக்கடியால் நின்றுபோனது. 1998 ஏப்ரல் 7 இரவு பேட்ரிக்கின் துறைமுகங்களில் முகமூடி போட்ட காவலாளிகள் நாய்களோடு உள்ளே நுழைந்து, ஷிப்டில் இருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். சுமார் 1,400 பேருக்கு வேலை போனது. வேலை கொடுத்திருந்த கம்பெனிகளிடம் பணம் இல்லை, அவை திவால் நிர்வாகத்துக்குப் போய்விட்டன, எங்களை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பதுதான் விளக்கம். செப்டம்பரில் மடித்த காகிதத்தை ஏப்ரலில் பிரித்துக் காட்டினார்கள்.

மெல்பர்னில் கிழக்கு ஸ்வான்சன் துறையின் வாசலில் கூட்டம் சேர்ந்தது. சங்கத்துக்காரர்கள் மறியல் செய்ய நீதிமன்றத் தடை இருந்ததால், சங்கத்தில் இல்லாதவர்கள் வந்து நின்றார்கள்: ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள், பாதிரியார்கள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். ஒருநாள் விடியற்காலையில் போலீஸ் பெரும்படையாக வந்து வாசலைத் திறக்கப் பார்த்தது. அவர்களுக்குப் பின்னாலிருந்து கட்டடத் தொழிலாளர்கள் ஊர்வலமாக வந்து சேர, போலீஸ் நடுவில் மாட்டிக்கொண்டு பேசித் தீர்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. ஏப்ரல் 21இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி டோனி நார்த், தொழிலாளர்களைத் திரும்ப எடுக்க உத்தரவிட்டார். மே 4இல் நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றமும் அதைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. சில நாட்களில் அதே கேட் வழியாக உள்ளே போனார்கள்.

‘ரோல் ஆன்’ என்ற பாட்டும், 2000ஆம் ஆண்டு வெளிவந்த அதே பெயருள்ள இரண்டாவது ஆல்பமும் இங்கிருந்து வருகின்றன. மறியல் முடிந்து இரண்டரை வருடம் கழிந்துவிட்டது. சுடச்சுடச் செய்தி சொல்லும் பாட்டு இல்லை இது. அதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். நாட்டின் பெரிய விற்பனைக் குழுக்களில் ஒன்றாக நின்றுகொண்டு, அடுத்த பாட்டும் பள்ளிக்கூடப் பையனுக்கே எழுது என்று யாரும் சொல்லத் தேவையில்லாத இடத்தில், செனி கப்பல் துறைக்குப் போகிறார். தான் வேலை பார்த்திராத இடத்துக்கு. ‘நான்’ என்று கத்திக்கொண்டிருந்தவர் ‘அவர்கள்’ என்று பார்க்கப் பழகுகிறார்.

இசையிலும் அந்த மாற்றம் கேட்கிறது. ஓவனின் ஸ்லாப் எந்திரம் ஓடுவதுபோல் ஒரே சீராக ஓட, மேலே கிட்டார் ஓர் இடத்தில் நிற்காமல் வளைந்துகொண்டே போகிறது. செனியின் கை உண்மையில் ராக்கபில்லிக் கை. உள்ளீடற்ற உடல் கொண்ட கிரெட்ச் கிட்டார், ஜாஸ் வாசனையுள்ள கார்டுகள், அதாவது சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள். பங்க் உலகத்தில் மூன்று கார்டு தெரிந்தால் போதும் என்பார்கள். இவர் முப்பது தெரிந்ததை மறைப்பதில்லை. இந்தத் திறமையே சில பங்க் ரசிகர்களுக்கு இவர்கள் மேல் சந்தேகம் வரக் காரணம் என்று நினைக்கிறேன். இவ்வளவு சுத்தமாக வாசிக்கிறவனுக்கு என்ன கோபம் இருக்க முடியும் என்ற ஒரு விநோதமான நம்பிக்கை. கிரேன் ஓட்டுகிறவரிடம் கேட்டால் சொல்வார், கோபம் வந்தாலும் கை தவறக் கூடாத வேலைகள் உண்டு.

ஆல்பத்தைத் தயாரித்தவர் நிக் லோனே. 1982இல் மிட்நைட் ஆயில் குழுவின் புகழ்பெற்ற ஆல்பத்தைத் தயாரித்த அதே ஆள். ஆஸ்திரேலிய ராக்கில் அரசியல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மிட்நைட் ஆயில். பூர்வகுடிகளின் நில உரிமை, ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத் தொழிலாளர்கள் என்று ஊர் பெயரோடு பாடியவர்கள். அதன் பாடகர் பீட்டர் காரெட் பிறகு நாடாளுமன்றத்துக்குப் போய் அமைச்சரும் ஆனார். அந்த மொட்டைத்தலை நெடிய மனிதரின் நிழல் பெரியது. அரசியல் குழு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது, டபுள் பேஸ் மேல் ஏறக் கூடாது என்று ஆகிவிட்டது. லிவிங் எண்டின் அரசியலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இந்த ஒப்பீடும் ஒரு காரணம். கச்சேரியில் செனி பீர் பாட்டிலைக் கம்பியில் வழுக்கவிட்டு ஸ்லைடு வாசித்துவிட்டு, அதே பாட்டிலைக் குடிப்பார். அதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது துறைமுகத்தை யார் நினைப்பது?

இன்னொரு காரணம் வெறும் கெட்ட நேரம். 2001 செப்டம்பரில் கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலையில் நடந்த கார் விபத்தில் செனிக்குப் பலத்த காயம். நீண்ட காலம் ஆஸ்பத்திரி, பிறகு ஊன்றுகோல். வெளிநாடுகளில் கால் ஊன்ற வேண்டிய நேரத்தில் குழு அப்படியே நின்றது. அடுத்த வருடம் டிரம்மர் டிராவிஸ் டெம்சி விலகினார். ஆண்டி ஸ்டிராகன் வந்தார். 2003இல் மூன்றாவது ஆல்பம் வருவதற்குள் மெல்பர்னுக்கு வெளியே உலகம் வேறு குழுக்களுக்குப் போய்விட்டது. 2004இல் கிரீன் டே அரசியல் ஆல்பம் ஒன்றைப் போட்டு மறுபடியும் உலகப் புகழின் உச்சிக்குப் போனார்கள். லிவிங் எண்ட் அதே மாதிரி விஷயத்தை நான்கு வருடம் முன்பே, ஒரு துறைமுக வாசலின் பெயர் சொல்லக்கூடிய அளவுக்குத் துல்லியமாகச் செய்திருந்தார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்காக அவர்களுடைய எல்லாப் பாட்டையும் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. ஈராக் போர் நடந்த 2003இல் வந்த ‘ஹூஸ் கானா சேவ் அஸ்’ நல்ல மெட்டு, ஆனால் நம்மை யார் காப்பாற்றப் போகிறார்கள் என்ற கேள்வியோடு மறுபடியும் ஆகாயத்துக்குப் போய்விட்டது. 2006இல் ‘ஸ்டேட் ஆஃப் எமர்ஜென்சி’ ஆல்பம் மறுபடியும் நாட்டில் முதலிடம் பிடித்தது. லோனே திரும்பி வந்திருந்தார். தலைப்பில் இருக்கும் நெருக்கடி பாட்டுகளுக்குள் அங்கங்கேதான் தென்படுகிறது. 2008இன் ‘வைட் நாய்ஸ்’ விருது வாங்கியது. நான் அதை அடிக்கடி கேட்பதில்லை, அதில் டபுள் பேஸின் ‘டக்’ மங்கி, சாதாரண ராக் குழுவின் சுவர் மாதிரிச் சத்தம் வந்துவிட்டது. 2018இல் பெர்லினில் பதிவு செய்த ‘வுண்டர்பார்’ ஆல்பத்தில் ‘நாட் லைக் தி அதர் பாய்ஸ்’ என்று ஒரு பாட்டு, மற்ற பையன்கள் மாதிரி இல்லாத ஒரு பையனைப் பற்றியது. அடங்காப்பிடாரிப் பையனைப் பாடி இருபது வருடம் கழித்து இன்னொரு பையனை, இந்த முறை அவனுக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். அந்த ஆல்பத்தில் நான் திரும்பத் திரும்பப் போவது அதற்குத்தான்.

2012இல் அவர்கள் ஒரு சுற்றுப்பயணம் போனார்கள். ஒவ்வொரு ஊரிலும் தொடர்ந்து பல இரவுகள், இரவுக்கு ஓர் ஆல்பம் என்று அதுவரை வந்த ஆறையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்கள். பதிவுகளைத் தேடிப் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டாவது ஆல்பத்து இரவிலிருந்து தொடங்கலாம்.

கேட்பதற்கு முன்னால் துறைமுகத்துக் கதையின் மிச்சத்தையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உள்ளே போனவர்கள் வெற்றிக் கொடியோடு போனார்கள். பிறகு கையெழுத்தான ஒப்பந்தத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பணம் வாங்கிக்கொண்டு விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். துறைமுகத்தின் வேலைக் குழுக்களில் ஆள் குறைந்தது, தற்காலிக வேலை கூடியது, கிரேன் வேகமாக ஓடியது. சங்கம் உயிரோடு இருந்தது, பேட்ரிக்கும் லாபத்தோடு இருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று ஆஸ்திரேலியாவில் இன்னும் வாதம் நடக்கிறது. பாட்டு பதிவானபோது இந்த ஒப்பந்தம் முடிந்த கதை. பாதிப் பேர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. தலைப்பில் இருக்கும் ‘உருண்டு போ’ என்ற அந்தச் சொல்லை, கேட்டுக்குள் திரும்பிப் போனவர்களுக்கும் வெளியே போனவர்களுக்கும் சேர்த்துத்தான் செனி கத்துகிறார். பின்னால் ஓவனின் உள்ளங்கை பலகையில் விழுந்துகொண்டே இருக்கிறது.